விசில் ஊதிய பிறகு வந்த வலி

சென்ற கல்வியாண்டில் குறுவட்ட அளவிலான கபடிப் போட்டியின்போது எங்கள் பள்ளி மாணவன் ஒருவனுக்கு இடது மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. இரண்டாம் பாதி தொடங்கிய சற்று நேரத்தில் எதிரணியினர் மூவர் அவன்மேல் சாய்ந்தார்கள். கை மடங்கி அடியில் மாட்டிக்கொண்டதை உடன் ஆடியவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதன் பிறகும் அவன் இரண்டு முறை பாடிச் சென்றான். ஒரு முறை புள்ளியும் எடுத்துவந்தான். ஆட்டம் முடிந்து நடுவர் நீண்ட விசில் ஊதினார். எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்து ஓய்ந்தார்கள். தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகப் போனபோதுதான் "அய்யோ" என்று தரையில் உட்கார்ந்தான். முகம் வெளுத்துவிட்டது. மருத்துவமனை போய்ச் சேரும்வரை அழுதுகொண்டே வந்தான்.

மறுநாள் பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து கேள்வி வந்தது. "டீச்சர், எலும்பு உடையறப்ப வலிக்காம, விசில் ஊதினப்புறம் வலிக்குமா? அப்ப அந்த வலி அதுவரைக்கும் எங்க இருந்துச்சு?"

"அட்ரினலின் சுரந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அந்தப் பதில் போதாது என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். வலி அதுவரை எங்கே இருந்தது என்பது நல்ல கேள்வி. அதற்கு விடை தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். அதே வகுப்பில் ஒரு மாணவி. கணக்குத் தேர்வு அன்றெல்லாம் வயிறு வலிக்கிறது என்று வந்து நிற்பாள். ஒரு நாள் வகுப்பின் முன்னால் அவளிடம், "கணக்குன்னா மட்டும் உன் வயித்துக்குத் தெரிஞ்சிடுமா?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. கபடி ஆடியவனுக்குக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கைதட்டல் கிடைத்தது. எலும்பு உடைந்தும் வலிக்காதவன் வீரன், எதுவும் உடையாமல் வலிக்கிறது என்பவள் நடிக்கிறாள். அன்று என் மனதில் இருந்த கணக்கு இதுதான்.

மேலே போகும் பாதை

சூடான பாத்திரத்தில் கை பட்டதும் கையை இழுத்துக்கொள்கிறோம். தண்டுவடமே அந்தக் கட்டளையைத் தந்துவிடுகிறது, இதுவே அனிச்சை வில் என்று நடத்துகிறோம். பெரும்பாலும் பாடம் அதோடு நின்றுவிடுகிறது. கையை இழுத்த பிறகுதான் "சுரீர்" என்று உறைக்கிறது என்பதைக் குழந்தைகளே கவனித்திருப்பார்கள். அங்கிருந்துதான் வலியின் கதை தொடங்குகிறது.

தோலிலும் தசையிலும் உள்ளுறுப்புகளிலும் சேதத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அவற்றிலிருந்து தண்டுவடத்துக்கு இரண்டு வகை இழைகள் செல்கின்றன. ஒன்று மெல்லிய உறை பூண்டது, வேகமானது. மற்றது உறையற்றது, நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில் நடந்து போவது போலப் போகும். கட்டில் காலில் கால்விரலை இடித்துக்கொண்டால் முதலில் ஊசி குத்தியது போல ஒரு வலியும், ஒரு கணம் கழித்து மண்டைவரை பரவும் மந்தமான வலியும் வருகின்றனவே, அந்த இடைவெளிக்குக் காரணம் இந்த வேக வித்தியாசம்தான். இதை வகுப்பில் சொன்னபோது எல்லோரும் "ஆமா டீச்சர்" என்றார்கள். ஒருவன் செய்தே பார்த்துவிடுவானோ என்று பயந்தேன்.

இந்த இழைகள் தண்டுவடத்தின் பின்கொம்பு என்ற பகுதியில் முடிகின்றன. அங்கே அடுத்த நியூரானுக்குச் செய்தி கைமாறுகிறது. கைமாற்றும் வேதிப்பொருள்களில் முதன்மையானது குளூட்டமேட். அதோடு சேர்ந்து வெளிப்படும் இன்னொன்று 'பொருள் பி'. 1931ஆம் ஆண்டில் உல்ஃப் வான் ஆய்லரும் ஜான் கேடமும் குதிரையின் மூளையிலிருந்தும் குடலிலிருந்தும் ஒரு பொடியைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு வைத்த அடையாள எழுத்தே பெயராக நிலைத்துவிட்டது. அது 11 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி என்பது 1971இல்தான் தெரிந்தது.

பச்சை மிளகாயைக் கடித்தால் வருவது சுவை அல்ல, வலி. மிளகாயின் கேப்சைசின் என்ற பொருள், சூட்டை உணரும் நரம்பு முனைகளில் உள்ள ஒரு வாயிலைத் திறந்துவிடுகிறது. சுமார் 43 டிகிரி வெப்பத்தில் திறக்க வேண்டிய வாயில் அது. அதனால்தான் 'எரிகிறது' என்கிறோம். நம் மொழி இதில் மிகச் சரியாக இருக்கிறது. டேவிட் ஜூலியஸ் குழு 1997இல் இந்த வாயிலைக் கண்டறிந்தது. 2021இல் ஆர்டெம் படாபூட்டியனுடன் சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மிளகாய் பட்ட நரம்பு முனைகள் பொருள் பி-யையும் வெளியிடுகின்றன. கேப்சைசினைத் தொடர்ந்து தடவினால் அந்த முனைகள் களைத்து மரத்துப்போகின்றன. சில வகை நரம்பு வலிகளுக்கு மிளகாய்ச் சத்துக் களிம்பு தருவது இதனால்தான்.

அமினோ அமிலங்களைக் கோத்து நியூரான்கள் உருவாக்கும் இத்தகைய குறுஞ்சங்கிலிகளுக்கு நியூரோபெப்டைடுகள் என்று பெயர். சாதாரண நரம்புக் கடத்திகள் நரம்பு முனையிலேயே உருவாகி, நொடியில் வேலையை முடித்து, திரும்ப உறிஞ்சப்படும். பெப்டைடுகள் அப்படியல்ல. நியூரானின் உடலில் பெரிய புரதமாக உருவாகி, நொதிகளால் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, நீண்ட ஆக்சான் வழியாகப் பயணம் செய்து முனைக்கு வருகின்றன. நரம்பு வேகமாகத் துடிக்கும்போது வெளிப்படுகின்றன. மெதுவாக வேலை செய்கின்றன, விளைவும் சற்று நேரம் நீடிக்கும். குளூட்டமேட் செய்தியைச் சொல்கிறது என்றால், பெப்டைடுகள் அதன் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன எனலாம். கூட்டுவது பொருள் பி. குறைப்பது எது?

அபர்டீனில் ஒரு மிதிவண்டி

இந்தக் கேள்விக்கு விடை கசகசாச் செடியிலிருந்து வந்தது. குருமாவில் அரைத்துவிடுகிறோமே, அதே செடி. அதன் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரெடரிக் செர்ட்யூர்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளுநர் அதிலிருந்து மார்ஃபினைப் பிரித்தார். கடும் வலிக்கு அதைவிடச் சிறந்த மருந்து நெடுங்காலம் கிடைக்கவில்லை. அது எப்படி வேலை செய்கிறது என்பதும் தெரியவில்லை.

மார்ஃபின் வகை மருந்துகளில் ஒரு விசித்திரம் இருந்தது. ஒரே மூலக்கூறின் இடக்கை வடிவம் வலியைப் போக்கும். கண்ணாடிப் பிம்பமான வலக்கை வடிவம் போக்காது. வலக்கைக் கையுறை இடக்கையில் ஏறாதது போல. அப்படியானால் உடலில் அதற்கென்று அளவெடுத்த ஏற்பி இருக்க வேண்டும். 1973இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் அந்த ஏற்பியை மூளைத் திசுவில் காட்டினார்கள். பெர்ட் அப்போது ஆய்வு மாணவி. அதே ஆண்டில் நியூயார்க்கில் எரிக் சைமனும் சுவீடனில் லார்ஸ் டெரீனியஸும் தனித்தனியே இதைக் கண்டார்கள்.

கண்டபின் எழுந்த கேள்விதான் அழகு. ஒரு செடியின் பாலுக்காக மனித மூளை ஏன் பூட்டு செய்து வைத்திருக்க வேண்டும்? பூட்டு இருக்கிறது என்றால் உடலுக்குள்ளேயே அதற்குரிய சாவி இருக்க வேண்டும்.

ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் என்ற முதியவர் இந்தச் சாவியைத் தேடினார். நாஜி ஆட்சி வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வு பெறும் வயதில் புதிய ஆய்வுப் பிரிவு தொடங்கியவர். அவருடன் ஜான் ஹியூஸ் என்ற இளைஞர். ஹியூஸ் விடியற்காலையில் மிதிவண்டியில் இறைச்சிக் கூடத்துக்குப் போவார். பன்றித் தலைகளிலிருந்து மூளையை எடுத்துப் பனிக்கட்டியில் வைத்துக்கொண்டு திரும்புவார்.

அவர்களின் சோதனைக் கருவி நம் மேல்நிலை ஆய்வகத்திலும் புரியும்படியான ஒன்று. கினிப் பன்றியின் சிறுகுடல் துண்டை உப்புக் கரைசலில் தொங்கவிட்டு மின் தூண்டல் கொடுத்தால் அது சுருங்கி விரியும். மார்ஃபினைச் சேர்த்தால் சுருக்கம் அடங்கும். மார்ஃபினின் எதிர்மருந்தான நலாக்சோனைச் சேர்த்தால் திரும்ப ஆடத் தொடங்கும். மூளையில் இருக்கும் அதே ஏற்பிகள் குடலிலும் இருப்பதுதான் காரணம். அபின் வகை மருந்து எடுப்பவர்களுக்கு மலச்சிக்கல் வருவதும் இதனால்தான். எலியின் விந்து நாளத்திலும் இதையே செய்தார்கள். பன்றி மூளைச் சாற்றில் ஏதோ ஒன்று மார்ஃபினைப் போலவே சுருக்கத்தை அடக்கியது. நலாக்சோன் அதை முறியடித்தது. 1975 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். 'தலைக்குள் இருப்பது' என்ற பொருளில் என்கெஃபலின் என்று பெயர்.

ஐந்தே ஐந்து அமினோ அமிலங்கள். டைரோசின், கிளைசின், கிளைசின், ஃபினைல்அலனின்; ஐந்தாவது இடத்தில் மெத்தியோனின் அல்லது லியூசின். இதை நான் பாசிமணிகளில் கோத்துக் காட்டுகிறேன். முதல் நான்கு இடங்களுக்கு மூன்று நிற மணிகள் போதும், ஐந்தாவது இடத்துக்கு இரண்டு நிறங்கள் தனியே. "இவ்வளவுதானா டீச்சர்?" என்று கேட்பார்கள். இவ்வளவுதான். டைரோசின் இருக்கும் முனை மார்ஃபின் மூலக்கூறின் ஒரு பகுதியைப் போன்ற வடிவம் கொண்டது. செடி எதேச்சையாக நம் சாவியின் நகலை வைத்திருக்கிறது.

அதற்குப் பின் மற்றவை வரிசையாக வந்தன. சோ ஹாவ் லீ ஒட்டகங்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து 31 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியைப் பிரித்தார். அதன் தொடக்கத்து ஐந்து மணிகள் அச்சு அசலாக என்கெஃபலின். அதுதான் பீட்டா எண்டார்ஃபின். 'உள்ளே சுரக்கும் மார்ஃபின்' என்பதன் சுருக்கம் எண்டார்ஃபின். 1979இல் ஏவ்ரம் கோல்ட்ஸ்டீன் குழு டைனார்ஃபினைக் கண்டது. இதில் ஒரு செய்தி என்னை நிறுத்தியது. பீட்டா எண்டார்ஃபின் எந்தப் பெரிய புரதத்திலிருந்து வெட்டி எடுக்கப்படுகிறதோ, அதே புரதத்திலிருந்துதான் அட்ரினல் சுரப்பியை முடுக்கும் ஏ.சி.டி.எச். ஹார்மோனும் வெட்டி எடுக்கப்படுகிறது. நெருக்கடிக்கு உடலைத் தயார் செய்யும் பொருளும் வலியை அடக்கும் பொருளும் ஒரே தாய்ப் புரதத்தின் துண்டுகள். 'அட்ரினலின்' என்று நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேனே, அதற்குப் பக்கத்து வீட்டில்தான் விடை இருந்திருக்கிறது.

கீழே வரும் பாதை

பாடப்படங்களில் வலிக்கான அம்புக்குறி தோலிலிருந்து மூளைக்கு மேல்நோக்கி மட்டுமே போகும். மூளையிலிருந்து கீழ்நோக்கியும் ஒரு பாதை உண்டு என்பதுதான் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் தண்டுவடத்தில் வலிக்கு ஒரு 'கதவு' இருப்பதாகக் கருத்து வெளியிட்டார்கள். அடிபட்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி குறைகிறதே, அதை இக்கருத்து விளக்கியது: தொடுகையைச் சுமந்து வரும் தடித்த இழைகள் கதவைச் சற்றுச் சாத்துகின்றன. இதன் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டன. ஆனால் வலி வழியிலேயே மட்டுப்படுத்தப்படுகிறது என்ற அடிப்படை நின்றது. விழுந்த பிள்ளையின் முழங்காலைத் தாய் தேய்த்து ஊதுவதை இனி வெறும் ஆறுதல் என்று சொல்ல முடியாது. 1969இல் டேவிட் ரெனால்ட்ஸ், எலியின் நடுமூளையில் நீர்க்குழாயைச் சுற்றியுள்ள சாம்பல்நிறப் பகுதியை மின்சாரத்தால் தூண்டி, வேறு மயக்க மருந்து இல்லாமலே வயிற்று அறுவை செய்ய முடிந்ததாக அறிவித்தார்.

இந்த நடுமூளைப் பகுதி, பெருமூளையிலிருந்தும் பயம், எதிர்பார்ப்பு ஆகியவற்றைக் கையாளும் பகுதிகளிலிருந்தும் செய்திகளைப் பெறுகிறது. அங்கிருந்து முகுளம், முகுளத்திலிருந்து தண்டுவடத்தின் பின்கொம்பு. அங்கே என்கெஃபலினை வெளியிடும் சிறு நியூரான்கள் காத்திருக்கின்றன. அவை வெளியிடும் என்கெஃபலின் இரண்டு இடங்களில் வேலை செய்கிறது. வலிச் செய்தி கொண்டுவரும் நரம்பு முனைக்குள் கால்சியம் நுழைவதைக் குறைக்கிறது. கால்சியம் இல்லாமல் குளூட்டமேட்டும் பொருள் பி-யும் வெளியேற முடியாது. செய்தியைப் பெறும் நியூரானில் பொட்டாசியம் வாயில்களைத் திறக்கிறது. பொட்டாசியம் வெளியேற, அந்த நியூரான் எளிதில் தூண்டப்படாத நிலைக்குப் போகிறது. சொல்பவரின் குரலும் தாழ்கிறது, கேட்பவரின் காதும் மந்தமாகிறது. வேலை முடிந்ததும் நொதிகள் என்கெஃபலினை விரைவில் சிதைத்துவிடுகின்றன.

ஆக, எங்கள் கபடி மாணவனின் மணிக்கட்டிலிருந்து செய்தி புறப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. தண்டுவடத்திலேயே அது அடக்கப்பட்டது. ஆட்டம் முடிந்து மூளைக்கு வேறு அவசரம் இல்லாமல் போனதும் அந்தப் பிடி தளர்ந்தது. பெப்டைடுகள் மட்டுமே இதைச் செய்தன என்று சொல்ல முடியாது. நெருக்கடி நேரத்தில் நார்அட்ரினலினும், பெப்டைடு அல்லாத எண்டோகன்னபினாய்டுகளும் இதில் பங்கு கொள்கின்றன.

இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் அன்சியோ முனையில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர், படுகாயமடைந்த வீரர்களிடம் வலிநிவாரணி வேண்டுமா என்று கேட்டார். ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் வேண்டாம் என்றார்கள். உணர்வற்றுக் கிடந்தவர்கள் அல்லர். ஊசி போடத் தெரியாமல் குத்தினால் மற்றவர்களைப் போலவே முனகினார்கள். காயம் என்பது அவர்களுக்குப் போர்க்களத்திலிருந்து உயிரோடு வெளியேறும் சீட்டாக இருந்தது என்று பீச்சர் 1946இல் எழுதினார். காயத்தின் அளவும் வலியின் அளவும் ஒன்றல்ல என்பதை அழுத்தமாகச் சொன்ன ஆரம்பப் பதிவுகளில் அது ஒன்று.

சர்க்கரை மாத்திரையும் பயமுறுத்தும் சொல்லும்

1978இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஜான் லெவின், நியூட்டன் கார்டன், ஹோவர்ட் ஃபீல்ட்ஸ் மூவரும் ஞானப்பல் பிடுங்கப்பட்டவர்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். மருந்தில்லாத வெறும் ஊசியைப் போட்டாலே சிலருக்கு வலி குறைந்தது. இது நம் எல்லோருக்கும் தெரிந்த 'நம்பிக்கை' விளைவு. அப்படிக் குறைந்தவர்களுக்கு நலாக்சோன் கொடுத்தபோது வலி கூடியது. மார்ஃபினே கொடுக்கப்படாத உடலில் மார்ஃபினின் எதிர்மருந்து எதைத் தடுத்திருக்க முடியும்? அவர்கள் உடலே சுரந்துகொண்டிருந்த எண்டார்ஃபினைத்தான். 'எல்லாம் மனப்பிரமை' என்று ஒதுக்கப்பட்ட ஒன்றுக்கு வேதியியல் முகவரி கிடைத்தது.

இதன் மறுபக்கம் ஆசிரியர்களுக்கு இன்னும் முக்கியம் என்று நினைக்கிறேன். இத்தாலியின் டூரின் நகரில் ஃபாப்ரிசியோ பெனெடெட்டி, 'வலி கூடும்' என்ற எதிர்பார்ப்பு உண்மையிலேயே வலியைக் கூட்டுகிறது என்பதையும், அதில் கோலிசிஸ்டோகைனின் என்ற பெப்டைடு பங்கு கொள்கிறது என்பதையும் காட்டினார். உணவு செரிக்கப் பித்தப்பையைச் சுருக்கும் ஹார்மோன் என்று நாம் நடத்துவோமே, அதேதான். மூளையில் அதற்கு வேறு வேலை. பதற்றமான எதிர்பார்ப்பின்போது அது எண்டார்ஃபின் வகையறாவின் வேலையை எதிர்க்கிறது. அதன் ஏற்பியை அடைக்கும் மருந்தைக் கொடுத்தபோது அந்தக் கூடுதல் வலி வரவில்லை.

பள்ளியில் தடுப்பூசி போடும் நாளை நினைத்துப் பாருங்கள். 16 வயதினருக்கான டி.டி. ஊசிக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகள். முன்னால் போனவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, "செம வலி டா" என்கிறான். வரிசையின் கடைசியில் இருப்பவளுக்கு அரை மணி நேரம் இதைக் கேட்கும் வாய்ப்பு. நாமும் நம் பங்குக்கு, "கத்தினீங்கன்னா இன்னொண்ணு போடச் சொல்வேன்" என்கிறோம். நான் சொல்லியிருக்கிறேன். இப்போது ஊசி போட்டவர்களை வேறு வாசல் வழியே அனுப்புகிறோம், அவ்வளவுதான் மாற்றம். "வலிக்கவே வலிக்காது" என்று பொய்யும் சொல்வதில்லை. குத்தும்போது ஒரு கணம் தெரியும், போய்விடும் என்று மட்டும் சொல்கிறேன்.

வலியே இல்லாவிட்டால்

இவ்வளவும் கேட்ட மாணவர்கள், "அப்ப எண்டார்ஃபின் நிறைய இருந்தா நல்லது தானே டீச்சர்?" என்று கேட்டார்கள்.

கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர் பால் பிராண்ட். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தவர். விரல்கள் குறைந்துபோவதற்கு நோய்க்கிருமி நேரடிக் காரணம் அல்ல, நரம்பு பாதிக்கப்பட்டு வலி தெரியாமல் போவதுதான் காரணம் என்பதை அவர் பொறுமையாகக் கவனித்து நிறுவினார். இரவில் தூங்கும்போது எலி கடித்தாலும் அவர்களுக்குத் தெரியாது. வீடு திரும்பும் நோயாளிகளிடம் ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பியதாக அவர் எழுதியிருக்கிறார். கூரை வேய்ந்த வீடு என்றால் என்னவென்று தெரிந்த என் மாணவர்கள் இந்த இடத்தில் சிரிக்கவில்லை.

பிறவியிலேயே வலி அறியாதவர்களும் உண்டு. பாகிஸ்தானின் வடபகுதியில் ஒரு சிறுவன் தெருவில் கத்தியைக் கையில் குத்தியும் தணலில் நடந்தும் வித்தை காட்டினான். ஆய்வாளர்கள் அவனைச் சந்திக்குமுன், பதினான்கு வயது நிறைவதற்குள், கூரையிலிருந்து குதித்து இறந்துவிட்டான். அவனுடைய உறவுக் குடும்பங்களை ஆராய்ந்து, வலி நரம்புகளில் உள்ள ஒரு சோடியம் வாயிலுக்கான மரபணு பழுதானதே காரணம் என்று 2006இல் கண்டுபிடித்தார்கள். அந்த வாயிலை மட்டும் அடைத்தால் வலியில்லாத உலகம் என்று மருந்து நிறுவனங்கள் முயன்றன. எதிர்பார்த்த பலன் எளிதில் வரவில்லை. காரணங்களில் ஒன்றை 2015இல் லண்டனில் ஜான் வுட் குழு சுட்டிக்காட்டியது. அந்த வாயில் பிறவியிலேயே இல்லாத எலிகளில் என்கெஃபலின் வழக்கத்தைவிட மிகுதியாக உற்பத்தியானது. அதே குறைபாடு கொண்ட 39 வயதுப் பெண்ணுக்கு நலாக்சோன் கொடுத்து, லேசர் சூட்டைத் தோலில் படவைத்தார்கள். வாழ்நாளில் முதன்முறையாக அவருக்கு வலித்தது.

இந்த இடத்தில் வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. பிறகு ஒருத்தி, "பாவம் டீச்சர்" என்றாள். எதற்குப் பாவம் என்று நான் கேட்கவில்லை.

எண்டார்ஃபின் பற்றி இன்று எளிதாகப் பேசப்படுவதில் சிலவற்றை வகுப்பில் கவனமாகக் கையாள வேண்டியிருக்கிறது. 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்று ஒரே சொல்லில் முடிப்பது அதில் ஒன்று. ஓடினால் இரத்தத்தில் எண்டார்ஃபின் கூடுவது உண்மை. ஆனால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழையாது. சேர்ந்து சிரித்த பிறகு வலி தாங்கும் அளவு உயர்கிறது என்று ராபின் டன்பர் குழு 2012இல் காட்டியது நல்ல செய்திதான். அதற்காகச் சிரித்தால் நோய் போகும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட முடியாது. அபின் வகை மருந்துகளை வெளியிலிருந்து தொடர்ந்து கொடுத்தால் ஏற்பிகள் அதற்குப் பழகி, மேலும் மேலும் கேட்கத் தொடங்கும். போதைக்கு அடிமையாவதன் வேதியியல் அங்கே தொடங்குகிறது. புற்றுநோயின் கடைசிக் கட்ட வலிக்கு மருத்துவர் தரும் மார்ஃபின் இதே பொருள்தான், ஆனால் அது கருணை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழக வேண்டும். வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருக்கும் பிள்ளை நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம்.

அந்த மாணவியிடம் வருகிறேன். அரசு மருத்துவமனையில் பார்த்தார்கள். உறுப்புகளில் கோளாறு எதுவும் இல்லை, ஆனால் வலி உண்மையானது என்று மருத்துவர் அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். குடலுக்கும் மூளைக்கும் இடையே நரம்புகள் இருபுறமும் பேசிக்கொள்கின்றன. பயம் கீழே வரும் பாதையில் பிடியைத் தளர்த்தினால், மற்ற நாள்களில் கவனத்துக்கே வராத குடலசைவும் வலியாகத் தெரியலாம். எதுவும் உடையவில்லை என்பது வலி இல்லை என்பதற்குச் சான்றல்ல. கபடி மாணவன் கதையைத் தலைகீழாகத் திருப்பினால் கிடைப்பது அவள் கதை. அவனுக்கு அடக்கிய அதே பாதை அவளுக்கு அடக்கவில்லை. அதில் அவன் வீரமும் இல்லை, அவள் நடிப்பும் இல்லை.

அவளைத் தனியே அழைத்து, அன்று வகுப்பில் அப்படிக் கேட்டது தவறு என்று சொன்னேன். "பரவால்ல டீச்சர்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பரவாயில்லை என்று இருவருக்குமே தோன்றவில்லை என்பது தெரிந்தது.

அடுத்த கணக்குத் தேர்வு அன்றும் வந்தாள். இந்த முறை, பூச்சியத்திலிருந்து பத்துவரை எவ்வளவு என்று கேட்டேன். "ஏழு" என்றாள். வெந்நீர் குடிக்கச் சொன்னேன். வராந்தா பக்க ஜன்னலோரம் உட்காரவைத்தேன். முடியாவிட்டால் எழுந்து வந்துவிடலாம், காரணம் கேட்கமாட்டேன் என்றேன். அவள் எழுந்து வரவில்லை. தாள்களை வாங்கும்போது இப்போது எவ்வளவு என்று கேட்டேன்.

"நாலு" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த வடிவியல் கணக்கு போடறப்ப எவ்ளோ இருந்துச்சுன்னு பாக்க மறந்துட்டேன் டீச்சர்" என்றாள்.